நாற்பத்தொரு அவரைக்கொட்டையும் ஒரு சாம்பல் குதிரையும்

வியாழக்கிழமை காலையில் கொச்கோர் சந்தைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள். கிடைக்காது. சோங்-கோல் ஏரிக்கரையில் கம்பளிக் கூடாரம் போட்டு விருந்தாளி பிடிக்கிறவர்கள், தேன் விற்கிறவர்கள், சவாரிக்குக் குதிரை விடுகிறவர்கள் என்று எல்லோரும் ஒரு கையில் செல்போனும் மறு கையில் ஆட்டுக் கயிறுமாக ஒரு கடை வாசலில் நிற்பார்கள். வரிசையில் ஒரு பல் வைத்தியரும் உண்டு. அவர் ஆறு வருடம் படித்தவர். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் பெயர் சமார்பெக். மூன்று வருடத்துக்கு முன்பு இதே கடையில் செல்போன் உறை விற்றார். உறை விற்றவருக்கு உள்ளே இருப்பதும் தெரிந்திருக்கும் என்று ஊர் தானாக முடிவு கட்டியது. அவரும் மறுக்கவில்லை. தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, காதில் கம்பியில்லாத ஒலிக்கருவி, வாயில் பெரிய பெரிய வார்த்தைகள். வீடியோவில் என்ன பேச வேண்டும் என்று எழுதித் தருவதுதான் இப்போது தொழில். அவர் எழுதிக் கொடுத்தபடி பேசினால், தேடுகிறவர் கண்ணில் அந்த வீடியோதான் முதலில் படுமாம்.

எழுதப் பேனா போதாது. நாற்பத்தொரு அவரைக்கொட்டை வேண்டும். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்கக் கொட்டை உருட்டிக் குறி பார்ப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். மாடு கிடைத்த வீட்டார் அதைப் பத்து வருடம் பேசுவார்கள். கிடைக்காத வீட்டார் பேசுவதில்லை. குறி பலிக்கிற ரகசியம் அவ்வளவுதான்.

சமார்பெக் முதலில் செல்போனுக்கு ஆர்ச்சா மரத்துக் கொழுந்தைக் கொளுத்திப் புகை காட்டுவார். கேமரா ஓரத்தில் கண் படாமல் இருக்க நீலமணி ஒட்டுவார். பிறகு கொட்டைகளை ஒன்பது குவியலாகத் தள்ளிக் கண்ணை மூடுவார். திறக்கும்போது ஒரு சொல் வரும். அகராதியில் இல்லாத சொல். எந்த அகராதியிலும்.

"தலைப்புல ஒரு தடவை சொல்லணும், முதல் வரியில மூணு தடவை. தேடல் எந்திரத்தோட ஆவிக்கு மட்டும்தான் இது புரியும். வழி, விலை, சாப்பாடுன்னு கண்டதையும் பேசாதீங்க. அதுக்குப் பிடிக்காது."

அடுத்த வியாழக்கிழமை கடையின் பெரிய டிவியில் சமார்பெக் அந்தச் சொல்லைத் தட்டுவார். உங்கள் வீடியோ முதலிடத்தில் நிற்கும்! கூட்டம் "ஓமின்!" என்று, பிரார்த்தனை முடித்த மாதிரி, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்ளும். ஒரு ஆடு கடைக்குப் பின்னால் போகும்.

இந்தக் கூட்டத்தில்தான் பூருல்சா நின்றாள். ஏரியின் தென்கரையில் அவளுக்கு மூன்று கூடாரம். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன், போனில் மட்டும் குடும்பம் நடத்துகிறான். இரண்டு கோடையாகக் கூடாரங்கள் காலி. பூருல்சா ஒரு பள்ளிக்கூட நோட்டில் தானே பேச்சு எழுதி வைத்திருந்தாள். சின்னக் கார் எந்த வளைவோடு நின்றுவிடும், ஜூலையிலும் ஏன் கம்பளிச் சட்டை வேண்டும், கழிப்பறை எத்தனை அடி தூரம் என்றெல்லாம். சமார்பெக் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கழிப்பறையா? சீச்சீ. எரிச்சுடு."

அவளுக்குக் கிடைத்த சொல் 'தாக்கில்பூஷ்'. ஓர் ஆடு போனது. தாக்கில்பூஷ் முதலிடம் பிடித்தது. கூடாரத்தில் ஒரு தலை தட்டுப்படவில்லை. மறுபடி வந்தாள்.

"அண்ணே, இடம் வந்தாச்சு. ஆளுதான் வரல."

"எப்படி வருவான்? உன் நெஞ்சுல சந்தேகம் இருக்கு. அது சிக்னலை வெட்டுது."

"இப்ப என்ன பண்றது?"

"ஒத்தைச் சொல்லு பத்தாது. ஒன்பது வேணும். ஒன்பதுக்கு ஆடு ஆகாது." கொட்டைகளைத் தள்ளினார். "குதிரை கேக்குது. பால் குடுக்கிற குதிரை. சாம்பல் நிறம்."

பூருல்சாவிடம் இருந்த ஒரே பால்குதிரை சாம்பல் நிறம். அவரைக்கொட்டைக்கு என்ன கூர்மையான பார்வை, பார்த்தீர்களா! முந்தின நாள் சமார்பெக்கின் மச்சான் வேலியோரம் நின்று அந்தக் குதிரையை வாயில் எச்சில் ஊறப் பார்த்துவிட்டுப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விருந்தாளி வராத இரண்டு வருடமும் அந்தக் குதிரையின் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸாக்கிச் சாலையோரம் விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அதுவும் போனால் கூடாரத்தைத்தான் அவிழ்த்துத் தின்ன வேண்டும்.

ஆவிக்குக் காணிக்கைதான். ஆனாலும் குதிரைக்கு நோய் இல்லை என்று காகிதம் வேண்டும் என்றார் சமார்பெக். ஆவிக்கும் மறுவிற்பனை விலை முக்கியம் போலிருக்கிறது. அந்த ஒரு காகிதம்தான் அவர் செய்த தப்பு. காகிதம் தர வந்தவள் கால்நடை மருத்துவர் கெரெஸ்.

கெரெஸ் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாள். குளம்பைத் தட்டிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. எதுக்கு அக்கா விக்கிறே?"

"விக்கல. குடுக்கிறேன்."

"யாருக்கு?"

"தேடலுக்கு."

கெரெஸ் குளம்பைக் கீழே விட்டாள். பூருல்சா முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமல் கேட்டாள். அதற்குத் தனி மருத்துவப் பயிற்சி வேண்டும்.

"அந்தச் சொல்லை யாரு தட்டிப் பாத்தா?"

"சமார்பெக் அண்ணன்தான்."

"அவரு உன் கூடாரத்துல வந்து படுக்கப் போறாரா?"

"என்ன பேச்சுடி இது!"

"படுக்க வர்றவன் தாக்கில்பூஷ்னு தட்டுவானான்னு கேக்குறேன்."

"ஆனா முதல்ல வந்துச்சே கெரெஸ். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"குதிரைக்கு ஜலதோஷம். பத்து நாளைக்குக் காகிதம் கிடையாது. அந்த நோட்டை எரிச்சிட்டியா?"

பூருல்சா தலையைக் குனிந்துகொண்டு மாவுப் பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். எரிக்க மனசு வரவில்லையாம். புத்தி சில வீடுகளில் இப்படித்தான் மாவுக்கு அடியில் உயிரோடு இருக்கும்.

அன்றைக்கே கூடாரத்து வாசலில் நின்று நோட்டில் இருந்ததை அப்படியே பேசினாள். கெரெஸ் படம் பிடித்தாள். போகிற வழியில் இன்னொரு படமும் பிடித்தாள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன். டிவி முன்னால் கூட்டம். கெரெஸ் ஆடு இல்லாமல் பூருல்சாவோடு வந்து முன்வரிசையில் நின்றாள்.

"சமார்பெக் அண்ணே, எனக்கும் ஒரு வீடியோ இருக்கு. சொல்லு 'நிமோஸ்குர்'. கொஞ்சம் தட்டுங்க."

"யாரு கொட்டை போட்டது?"

"யாரும் போடல. பூச்சி மருந்துப் புட்டியில இருந்த பேரைப் பின்னாலேருந்து படிச்சேன்."

"புகை காட்டாத சொல்லா? எந்திரம் கெட்டுடும்!"

"கெட்டா நான் புதுசு வாங்கித் தர்றேன்."

சமார்பெக்கின் விரல் அசையவில்லை. பல் வைத்தியர்தான் முன்னால் வந்து தட்டினார். ஆறு வருடப் படிப்பு ஒருவழியாக விழித்துக்கொண்டது. திரையில் ஒரே ஒரு வீடியோ. முதலிடம். அதில் ஒரு கழுதை நின்றது. கேமராவை ஒருமுறை பார்த்தது. பிறகு சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சமார்பெக் லேசுப்பட்டவரா?

"கழுதைக்கு நெஞ்சுல சந்தேகம் கிடையாது. அதான் பலிச்சிருக்கு!"

சிலர் தலையாட்டினார்கள். பொய்யில்லை, ஆட்டினார்கள்!

கெரெஸ் வாசல் பக்கம் திரும்பினாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் தர்பூசணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் வம்பு எதுவும் தெரியாதவர்.

"அண்ணே, குடும்பத்தோட சோங்-கோல் போகணும்னா போன்ல என்ன தட்டித் தேடுவீங்க?"

"என்னத்தைத் தட்டுவேன்? சின்னக் கார் ஏறுமான்னு தட்டுவேன். ராத்திரி எவ்வளவு குளிரும்னு. அப்புறம் என் பொண்டாட்டி கழிப்பறைக்குக் கதவு இருக்கான்னு கேப்பா. கதவு இல்லன்னா அவ வீட்டு வாசலைத் தாண்ட மாட்டா."

"அதையே தட்டுங்க."

டிரைவர் கடை டிவியில் தட்டினார். வரிசையாக வீடியோக்கள் வந்தன. சமார்பெக்குக்கு ஆடு கொடுத்தவர்கள் கண்ணை இடுக்கித் தங்கள் முகத்தைத் தேடினார்கள். ஒருவர் முகமும் இல்லை. பதினோராவதாக, பழுப்புக் கம்பளிச் சட்டையும் தலைக்குட்டையுமாக பூருல்சா நின்றாள்.

"பதினொண்ணு!" சமார்பெக் கை தட்டிச் சிரித்தார். "நான் முதலிடம் குடுத்தேன். இந்த மாட்டு டாக்டர் பதினொண்ணு குடுத்திருக்கா. ஓமின் சொல்லுங்கப்பா!"

"அக்கா," என்றாள் கெரெஸ், பூருல்சாவிடம் மட்டும் பேசுகிறவள் போல. "போன வருஷப் பந்தயத்துல உன் தம்பி குதிரை எத்தனாவது?"

"பதினாலு."

"எத்தனை குதிரை ஓடுச்சு?"

"அறுபது. அதுக்கே ஊரைக் கூப்பிட்டு விருந்து வெச்சோம்."

"ஒத்தைக் குதிரை ஓடி முதல்ல வந்தா?"

தேடல் எந்திரம் எங்கள் ஊருக்குப் புரியாமல் இருக்கலாம். குதிரைப் பந்தயம் புரியாத ஆள் இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் தன் ஆட்டுக் கயிற்றை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வேகமாக இழுத்தார்.

"இங்க கீழ யாரோ கேட்டிருக்காங்களே," என்று டிரைவர் திரையைப் பார்த்து வாசித்தார். "'அம்மாவையும் சேத்து நாலு பேரு. சனிக்கிழமை வரலாமா? கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா?'"

"இருக்கு!" பூருல்சா டிவியைப் பார்த்தே கத்தினாள். "புதுத் தாழ்ப்பாள்! நானே போட்டேன்!"

சாம்பல் குதிரை சனிக்கிழமை தென்கரையில்தான் நின்றது. அதன் பாலிலிருந்து வந்த குமிஸை நான்கு பேர் முகம் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். சமார்பெக் மறுபடி செல்போன் உறை விற்கிறார். ஆடுகளைத் திருப்பிக் கேட்டவர்களிடம் அவை ஆவியோடு கலந்துவிட்டன என்றார். மச்சானின் வயிற்றைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? போன வாரம் தேன் விற்கிற ஒருவர் அந்தக் கழுதையின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். தன் வீடியோ பேச்சை எழுதிய தாளைக் கழுதை ஒருமுறை மிதித்தால் போதுமாம். என்ன வேண்டுமானாலும் தருகிறாராம். கழுதை தாளை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. அந்த முற்றத்தில் அன்று யோசித்துப் பார்த்தது அது ஒன்றுதான்.

ஐயா, தேடல் பெட்டியில் நீங்கள் எதை வேண்டுமானாலும் தட்டுங்கள். அதற்கு முன்னால், இதை வேறு யார் தட்டுவார்கள் என்று உங்கள் மண்டையை ஒரு தட்டு தட்டுங்கள். அதற்கு ஆடு கேட்க மாட்டார்கள்.