வெட்ட வெட்டத் தீராத எண்

சிவகாசி

காரியாபட்டி அத்தான் செந்தூர்பாண்டி அவர்களுக்கு, மைத்துனன் அய்யாதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கேசரி மீந்துபோனது தவிர மற்றபடி நலம். அக்கா முருகேஸ்வரிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை தருண்குமாரும், அவர் தகப்பனார் பட்டாசுக் கம்பெனி ராஜபாண்டியன் அண்ணாச்சியும் ஞாயிற்றுக்கிழமை நம் சுகிர்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பெண்ணும் மொட்டைமாடியில் தனியாகப் பேசிவிட்டுச் சிரித்த முகமாகத்தான் இறங்கினார்கள். காரியம் முடிந்தது என்று நான் நிமிர்ந்த நேரத்தில், அண்ணாச்சி தன் புதுச் சரவெடிப் பெட்டிக்கு எண்கணித ஜோசியர் குறித்துக்கொடுத்த ராசி எண்ணை, நம் அச்சகத்தில் லேபிள் போடச் சொல்லி எடுத்து நீட்டினார்: 73939133. காபித் தட்டோடு நின்ற சுகிர்தா எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள், வாய் சும்மா இருக்குமா? "மாமா, இது பகா எண்ணாச்சே!" என்றாள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்கு அதுதான் பெயராம். அண்ணாச்சி காதில் விழுந்ததோ பகை எண்.

"யாருக்குத் தாயி பகை?"

"எல்லாருக்குந்தான் மாமா. தன்னையும் ஒண்ணையும் விட்டா எதோடயும் ஒத்துப்போகாது."

"பரிகாரம் பண்ணுனா தீராதா?"

"கடைசி இலக்கத்தை வெட்டிப் பாருங்க, அப்பவும் அதேதான். மிச்சத்துல இன்னொண்ணை வெட்டுங்க, அதேதான். ஒத்தை ஏழு நிக்கிற வரைக்கும் வெட்ட வெட்ட அதேதான்."

"ஏழு தலை உருண்டாலுமா! சரி, வெட்டாம, பின்னால ஒண்ணு சேத்தா?"

"எந்த இலக்கத்தைச் சேத்தாலும் தேறாது மாமா. இந்த வம்சம் இதோட சரி."

அண்ணாச்சி காபியைக் கீழே வைத்து, "ஏலே, எந்திரிலே" என்றார். மாப்பிள்ளை கையில் வடையோடு எழுந்தார். நான் கார் வரைக்கும் ஓடி, பகை இல்லண்ணாச்சி, பகா, பகான்னு தெருவே பார்க்கக் கத்துறேன், "அதைத்தான்யா நானும் சொல்றேன்"னுட்டுக் கண்ணாடியை ஏத்திட்டாக. லேபிள் ஆர்டரும் போச்சு, அத்தான். ஆர்டர் கிடக்கட்டும், இது மூன்றாவது வரன். ஒரே ஓர் எழுத்தால் பிள்ளையின் கல்யாணம் நிற்கலாமா? நீங்கள் உடனே பஸ் ஏறி அவரைப் பார்த்து, பகா எண் என்றால் பிரிக்க முடியாத எண், புருசன் பெண்டாட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது உண்டா என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சுக்குத்தான் அவர் அடங்குவார்.

அக்காவுக்கு என் வணக்கமும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

உங்கள் பதிலை நம்பியிருக்கும்,
அய்யாதுரை

பின்குறிப்பு: பஸ் ஏற வேண்டாம். கவரை ஒட்டும்போது சுகிர்தா வந்து, "அவுக காதுல சரியாத்தான்ப்பா விழுந்துச்சு. நான் பகைன்னுதான் சொன்னேன்" என்கிறாள். ஏன் தாயி என்றால், மொட்டைமாடியில் மாப்பிள்ளை, ஒன்று என்ற எண்ணும் பகா எண்தான் என்று சாதித்தாராம். பகா எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும் என்று இவள் மூன்று விதமாக விளக்கியும், "அது உங்க புஸ்தகத்துல" என்று சிரித்தாராம். "ஒண்ணுலயே இம்புட்டுப் பிடிவாதம்னா, ரெண்டு பேரான பெறவு எப்படிப்பா?" என்று கேட்கிறாள். அடுத்த வரனைப் பாருங்கள், அத்தான்.