டேப்போடு வந்த விருந்தாளி

கேள்வி கேட்கிற வெளியூர்க்காரனுக்கு உண்மையான பதிலைச் சொல்வது எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கெட்ட பழக்கம். இது என்ன மீன் என்று கேட்டால்கூட, இவன் எதற்குக் கேட்கிறான் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். (மீன் பெயரைச் சொல்லி யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனாலும் நமக்கு எதற்கு வம்பு?) அதிலும் நான் எங்கள் நைனாவுக்குப் பிறந்த பிள்ளை. வழக்கமாக வருகிற தபால்காரரையே வாசலில் நிறுத்தி, "யார் வூட்டுப் பையன் நீ?" என்று விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்தச் சந்தேக புத்தி எனக்கு அப்படியே இறங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்த கதை இது.

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. பி.காம். முடித்துவிட்டு, நைனாவோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண் வீட்டார்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவது பிடிக்கவில்லை. படித்தவன் எதற்குக் கடலுக்குப் போகிறான் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்; கடலுக்குப் போகிறவன் எதற்குப் படித்தான் என்று இன்னொரு வீட்டில் கேட்டார்கள். கடைசியாக வந்தவர்களுக்கு முன்னால் புதுச்சட்டை போட்டு, முகம் முழுக்கப் பவுடர் அடித்து உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். பையனுக்குப் பேச்சு வருமா என்று அவர்கள் தரகரிடம் போனில் விசாரித்தார்களாம்.

அதனால் அடுத்த இடம் வந்தபோது, அம்மாவும், பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்த செல்வி அக்காவும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். என்னிடம் மூச்சு விடக் கூடாது. சொன்னால் நான் கெடுத்துவிடுவேன்.

பெண் வீடு அக்கா இருக்கிற தெருவிலேயே இருந்தது. எங்கள் ஆட்கள்தான், ஆனால் கடலை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவர்கள். அண்ணன் பாஸ்கர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். தங்கை சுகன்யா ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். "போட்டோவப் பாத்துலாம் சொல்ல முடியாதுக்கா. அந்த ஊர்ல என்னால இருக்க முடியுமான்னு நானே வந்து பாக்கறேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். கோடை விடுமுறைக்கு அக்காவும் மாமாவும் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வரும்போது, குப்பத்தை ஒட்டியிருக்கிற ஏரியைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் அண்ணனும் தங்கையும் கூடவே வருவதாக ஏற்பாடு. இது அம்மாவுக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும், குப்பத்துக்கே தெரியும். மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. அந்த வாரம் எங்கள் குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. கரையில் வலை காயப்போடுகிற இடத்தை வளைத்து ரிசார்ட் கட்டப் போகிறார்கள், விருந்தாளி மாதிரி ஆள் வந்து சத்தம் போடாமல் அளந்துகொண்டு போவான், உஷார், என்று ஒரு குரல். பேசியது யார், எந்த ஊர்க் கரை என்று ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததாலேயே நான் அதை முழுசாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் வேன் வந்து நின்றது. அக்கா இறங்கினாள், மாமா இறங்கினார். பின்னாலேயே தொப்பியும் கூலிங் கிளாஸுமாக ஒரு ஆள் இறங்கி, உள்ளே வராமல் எங்கள் வீட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"மாமாவோட ஃப்ரெண்டுடா. இது அவர் தங்கச்சி. சும்மா ஏரி பாக்கலாம்னு வந்தாங்க" என்றாள் அக்கா.

சும்மா என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் தலைக்கேறியது. உள்ளே வந்த அந்த ஆள், பாக்கெட்டிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்துக் கூடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளக்க ஆரம்பித்தார். (டைல்ஸ் கடைக்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் தரையைப் பார்த்தால் கை சும்மா இருக்காதாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.) ஆடியோவில் சொன்ன ஆள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குந்தி அளந்துகொண்டிருக்கிறான், அம்மா அவனுக்கு மோர் கலக்கிக்கொண்டிருக்கிறாள். குப்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். இந்த இடத்தைப் பார்த்தாலே ஓடுகிற மாதிரி பேசி அனுப்பிவிட வேண்டும்.

"சொந்த வீடா தம்பி?" என்று பாஸ்கர் கேட்டார்.

"இல்ல சார். சித்தப்பாவோடது. அதுவும் கேஸ்ல கீது."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

"கடல் இங்கருந்து எவ்ளோ தூரம்?"

"அது டெய்லி மாறும் சார். போன மழைக்கு அடுப்பாண்டையே வந்துடுச்சு. மீனு தானா உள்ள வந்துச்சு."

"குளிக்கிற தண்ணிலாம் நல்லாருக்குமா?"

"உப்பு சார். ஊத்துனா முடி கொட்டிடும். எங்க நைனாவ வேணா பாத்துக்கங்க."

நைனா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு என்னை முறைத்தார். பாஸ்கர் அவர் தலையையும் தன் தங்கையின் நீளமான பின்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தங்கையோ நான் பதில் சொல்லும்போதெல்லாம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சமையலறையை எட்டிப் பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்தாள். சரி, இது ரிசார்ட் கம்பெனியில் அண்ணனுக்கு மேலே இருக்கிற ஆள், கேள்விக்கு அவன், ஆளை எடைபோட இவள் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "டேய், உனக்கு இன்னா பேய் கீய் புடிச்சிருக்கா? எந்தக் கேஸுடா?"

"நீ கம்முனு இரும்மா. அவங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தெரிஞ்சிடுச்சா? அப்புறம் ஏன்டா இப்டிப் பேசற?"

"தெரிஞ்சதாலதான் பேசறேன். ஒருவாட்டி உள்ள வுட்டா அப்புறம் வெளிய அனுப்ப முடியாது. நம்ம வாழ்க்கையே அவங்க கைக்குப் போய்டும்."

அம்மா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பையன் சாமியாராகப் போகப் போகிறான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாளாம்.

அக்காதான் விடவில்லை. வீட்டுக்குள்தான் இவன் கிறுக்குத்தனமாகப் பேசுகிறான், தண்ணீரில் இறக்கினால் சரியாகிவிடுவான் என்று நினைத்து, "போட்டுல கூட்டினு போய் ஏரியக் காட்டுடா" என்றாள். எனக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாகத் தோன்றியது. ரிசார்ட் கட்டுகிறவனுக்குப் படகு சவாரிதானே முக்கியம்? படகே போகாது என்று கண்ணால் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

கோடையில் எங்கள் ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். ஆனால் நடுவில் ஆழமான ஒரு தடம் உண்டு. குப்பத்தில் எல்லோரும் அதில்தான் போட்டு ஓட்டுவோம். அக்கா, மாமா, அண்ணன், தங்கை எல்லோரையும் ஏற்றிக்கொண்ட நான், அதை விட்டுவிட்டு, கொக்குகூட முட்டி நனையாமல் நிற்கிற பக்கமாகத் திருப்பினேன்.

"டேய் குமரேசா, அந்தாண்ட இன்னாத்துக்குடா போற? அங்க வெறும் சேறுடா" என்று நைனா கரையிலிருந்து கத்தினார். நான் இன்ஜின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

லேசாகத் தரை தட்டவைத்து, பார்த்தீர்களா என்று சொல்லித் திரும்பிவிடுவதுதான் திட்டம். சேற்றுக்கு என் திட்டம் தெரியவில்லை. போட்டு சர்ரென்று ஏறி, அசையாமல் உட்கார்ந்தது. புரொப்பெல்லர் சேற்றுக்குள் போய், இன்ஜின் ஒருமுறை இருமி நின்றுவிட்டது. உச்சி வெயில், கடல் உள்வாங்குகிற நேரம் என்பதால் ஏரித் தண்ணீர் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, நின்னுடுச்சு?"

"இவ்ளோதான் சார் எங்க ஏரி. இதுல போட்டிங்லாம் வுட முடியாது."

"நான் எதுக்குத் தம்பி போட்டிங் வுடப் போறேன்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

பாஸ்கர் மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். அப்புறம் பாஸ்கர் டேப்பை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

"நல்லா அளந்துக்கங்க. வேணும்னா எறங்கியே அளங்க" என்றேன்.

அவர் நல்ல மனுஷர். நான் தள்ளத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். முதல் அடியில் முட்டிவரை போனார், அடுத்ததில் தொடைவரை. ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தேடிக் குனிந்ததில் தொப்பி போனது, தொப்பியை எட்டிப் பிடித்ததில் ஆளே முகம் குப்புற விழுந்தார். தூக்கிவிடக் குதித்த மாமாவும் அவருக்குப் பக்கத்திலேயே இடுப்புவரை நட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் பாவம் பிடிக்கும்.

"இந்தப் பக்கம் சேறுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று சுகன்யா கேட்டாள். போட்டில் ஏறியதிலிருந்து அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

"தெரியாதுங்க."

"பொறந்ததுலருந்து இங்கதான இருக்கீங்க?"

நான் இன்ஜினைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆழமான தடத்தில் என் கூட்டாளி ஏழுமலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஏரி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்: "இன்னா மாப்ள, பொண்ணு வூட்டுக்காரங்கள இப்பவே சேத்துல எறக்கிட்ட? கல்யாணம் முடியட்டும்னு வுட்டிருக்கலாம்ல?"

நான் பாஸ்கரைப் பார்த்தேன். சேற்றுக்கு நடுவில் கண்கள் மட்டும் தெரிந்தன. அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். (முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு உண்டு. எனக்கு அது அன்றைக்கு இல்லை.)

சுகன்யா, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் தூக்குகிற மாதிரி, மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

ஏழுமலை கயிறு கட்டி எங்களை இழுத்தான். காலையிலிருந்து நான் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கேஸ், அடுப்பு, மீன், நைனாவின் தலை. ஏரியில் குதித்துவிடலாம் என்றால் அங்கே ஆழமும் இல்லை. அதைவிட மோசம், அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. ரிசார்ட் கம்பெனியின் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பிடித்துத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்கர் நாலு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "கெளம்பலாம் மச்சான்" என்றார் மாமாவிடம். "வூடு கேஸ்ல கீதாம், கடல் அடுப்புக்கு வருதாம். எந்த நம்பிக்கையில பொண்ணக் குடுக்கறது?" அம்மா அழ ஆரம்பித்தாள். "எல்லாம் பொய்ங்க, இந்தப் பாவி ஏன் சொன்னான்னே தெரியல" என்று நைனா கையெடுத்துக் கும்பிட்டார். நைனா ஒரு வெளியூர்க்காரரைக் கும்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

சுகன்யா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"வீடு யாருது?"

"எங்களுது."

"கடல் வீட்டுக்குள்ள வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்டிச் சொன்னீங்க?"

"உங்கள ரிசார்ட் கட்ட வந்தவங்கனு நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அண்ணனிடம் போய்ச் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, இவர் காலையிலருந்து சொன்ன ஒண்ணக் கூட நான் நம்பல. பொய் சொல்லும்போதுலாம் காத இழுத்துக்கறாரு. இப்ப கேட்டேன், கை கீழதான் இருந்துச்சு."

"அதுக்கு? பொய் சொல்றவனக் கட்டிக்கறியா?"

"பொய் சொல்லத் தெரியாதவர்ணே. தேடினாலும் கெடைக்க மாட்டாங்க."

கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது. எங்கள் கூடத்தில் இன்று இருக்கிற டைல்ஸ் பாஸ்கர் மச்சான் சீராகப் போட்டுக்கொடுத்தது. அன்றைக்கே அளவு எடுத்துவிட்டதால் மறுபடியும் வரவேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லுவார். எங்கள் சொந்தத்தில் எங்கே கல்யாணப் பேச்சு நடந்தாலும், வெற்றிலை பாக்கு வைப்பதற்கு முன் யாராவது ஒருத்தர், "மாப்ளகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார், எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப் போயிருந்தேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் மகள், "நைனா, வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்கவே வலிக்காதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை போன இடத்தைப் பார்த்தாள். அப்புறம் ஊசி போடுவதற்கு முன்பே ஓவென்று அழ ஆரம்பித்தாள்.