டைனமோவும் மூன்று ஈடு முட்டைகளும்

அம்பத்தூரில் அந்த நாட்களில் டைனமோவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு முட்டைகூடக் குஞ்சு பொரித்ததில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அம்பத்தூரில் கோழி வளர்க்காதவர்கள்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவர் டைனமோ. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவதும் காற்றடிப்பதும் உபதொழில். பொரிக்காமல் போன முட்டைகளை விசாரிப்பதுதான் முழுநேர வேலை.

விசாரிக்கும் முறை இது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவைப் பின்சக்கரத்தில் சாய்ப்பார். விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்துக்கொண்டு தலையோடு சேர்த்து ஒரு கோணியைப் போர்த்திக்கொள்வார். வெளிச்சத்தில் முட்டைக்குள் இருப்பது தெரியும். ஆனால் சக்கரம் ஓடினால்தானே வெளிச்சம்? பெடலைக் கையால் சுற்ற வேண்டியது முட்டையின் சொந்தக்காரர். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஒருமுறை போலீஸ் ஏட்டு ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கோணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"திருடனைத் தொரத்த சொல்லோ இந்த ஸ்பீடுதானா நைனா? குஞ்சு கண்ணே தெரில. நல்லா சுத்து!"

ஏட்டு சுற்றினார்.

பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் காத்திருப்பார்கள். "டியூப் எங்கியும் ஓடாது. அடை வெச்ச ஏழாம் நாள் முட்டை ஒண்ணு வந்துகீது, இரு" என்பார். மெஸ்ஸில் சாப்பிடப் போனால் குழம்பு முட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "இத்து எட்டு நாள் பழசு" என்று முதலாளி காதில் விழும்படி அறிவிப்பார். இரண்டு மெஸ்களில் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோழிமேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். எடை ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முட்டை கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்குத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த கோளாறு. கடை முட்டை எத்தனை நாள் முட்டையோ, அந்தக் கோழி எதைத் தின்றதோ என்று யோசித்து, கோழி நம் வீட்டுக் கோழியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வாங்கிய கோழிக்கு என்ன நோயோ என்று மறுபடி யோசித்து, முட்டையிலிருந்தே தொடங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அடைக்கோழி குழந்தையைக் கொத்திவிட்டால் என்ன செய்வது? ஆகவே கோழி இல்லாமலே பொரிப்பது என்று ஆயிற்று.

என் கணவர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். பேக்கிங் பலகையில் ஒரு பெட்டி அடித்து, காற்றுக்கு ஓட்டைகள் போட்டு, உள்ளே நாற்பது வாட் பல்பு மாட்டிக் கொடுத்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். சூடு பார்க்க, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையே உள்ளே போட்டேன்.

முதல் ஈடு, கடையில் வாங்கிய பத்து முட்டைகள். தினம் ஐந்து தடவை புரட்டினேன். இருபத்தோரு நாள் போனது, இருபத்தைந்தும் போனது. பெட்டி மௌனமாக இருந்தது.

"சில பேர் கைக்கு ஒண்ணு ரெண்டு ஒத்துவராது. விடும்மா" என்றார் என் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகத் தைத்தது. நான் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகனைப் பார்த்தேன். அவனும் இந்தக் கையில்தானே வளர்கிறான்?

கூடையில் முட்டைகளும் இடுப்பில் குழந்தையுமாக டைனமோவிடம் போனேன். ஒரு கையால் பெடலைச் சுற்றினேன். கோணி விலகியது.

"சேவலே பாக்காத கோழி போட்ட முட்டைம்மா இத்து. ஆம்லேட்டுக்குன்னே பொறந்தது. இத்தப் போய் குஞ்சு பொரின்னா இன்னா பண்ணும், பாவம்?"

இரண்டாம் ஈட்டுக்குப் பாரிவாக்கத்தில், சேவலும் கோழியுமாக வளர்க்கும் உறவினர் வீட்டிலிருந்து முட்டை வந்தது. ஏழாம் நாள் டைனமோவின் வெளிச்சத்தில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன.

"உயிரு ஓடுது தங்கச்சி. நீயும் வந்து பாரு" என்று கோணியைத் தூக்கிப் பிடித்தார். அன்று பெடலைச் சுற்றியது பஞ்சருக்குக் காத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான்.

ஆனால் இருபத்தோராம் நாளும் ஒரு சத்தம் இல்லை. டைனமோ முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். காத்திருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து நின்றார்கள்.

"எல்லாம் அரை வளர்த்தில ஒரே நாள்ல செத்துகீது. பத்து, பன்னண்டாம் நாள் இருக்கும். அன்னிக்கு இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை அண்ணே. சூடு சரியா நூத்தியொண்ணு இருந்துச்சு. பகல் முழுக்கக் கரண்ட் போச்சே, அப்பகூட நூத்தியொண்ணு."

டைனமோ எழுந்து நின்றார். "பகல் பூரா பல்பு அவிஞ்சு கெடக்குது, சூடு மட்டும் எறங்கல? உங்க ஊட்ல கீறது பொட்டியா, செங்கச் சூளையா?"

கடையை அப்படியே போட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். தெர்மாமீட்டரை எடுத்துப் பானைத் தண்ணீரில் முக்கினார். நூற்றியொன்று.

"இத்த ஒதற மாட்டியா?"

உதறத்தான் வேண்டும். பாதரசம் ஏறியது தானாக இறங்காது. ஆனால் முதல் தெர்மாமீட்டரை உதறும்போது வளையலில் பட்டு உடைந்துவிட்டது. அந்தப் பயத்தில் இதை நான் உதறுவதே இல்லை; கழுவித் துடைத்து வைத்தால் இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னதும் டைனமோ மெல்லத் திரும்பி என் மகனைப் பார்த்தார்.

"இத்த வெச்சிதான் புள்ளைக்கும் பாக்கிறியா?"

என் மகனுக்கு இரண்டு மாதமாக விடாமல் நூற்றியொன்று. மூன்று முறை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினேன். கம்பவுண்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று திருப்பி அனுப்பினார். அக்கறை இல்லாத மனுஷன் என்று அவரைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருக்கிறேன்.

டைனமோ தெர்மாமீட்டரைப் பட்பட்டென்று உதறினார். மகனின் அக்குளில் வைத்து, எடுத்து, பழக்க தோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு. புள்ள ஜோராத்தான் கீறான். முட்டைங்கதான் பாவம்." பிறகு மாமியாரிடம், "பெரிம்மா, உன் மருமவ கைல கோளாறு இல்ல. இந்தக் கண்ணாடிக் குச்சிலதான்" என்றார்.

மாமியார் சிரித்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மூன்றாம் ஈட்டில் பதினெட்டாம் நாள் டைனமோ ஒரு சைக்கிள் பூட்டும் சங்கிலியுமாக வந்து பெட்டியைக் கட்டிப் பூட்டினார்.

"இனிமே பொரட்டக் கூடாது, தொறக்கவும் கூடாது. மூடியத் தூக்குனா உள்ள ஈரம் பூடும், குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். நீ பாத்துப் பாத்தே கொன்னுடுவ."

"சாவி?"

"என்கிட்ட இருக்கட்டும்."

அந்த மூன்று நாளும் பெட்டியைச் சுற்றி வந்தேன். ஓட்டையில் காதை வைத்தேன். கடைக்குப் போய்ச் சாவி கேட்டேன். "எந்த சாவி?" என்று அவர் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோராம் நாள் காலையில் உள்ளே கீச்சென்றது. மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டைனமோ வந்தார். சாவியை எடுக்கவில்லை, பூட்டைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"வாய் மூடாத பூட்டு இத்து. ஒரு தபா இஸ்த்திருந்தா வந்திருக்கும்" என்றார். "நீ இஸ்க்க மாட்டன்னு தெரியும்."

பதினொரு முட்டைகளில் ஒன்பது குஞ்சுகள். ஈரம் உலரும் வரை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமியார் ஒன்றைக் கையில் வாங்கி, "நம்ம ஊட்டுது" என்றார். மறுநாளும் பொரியாத இரண்டையும் டைனமோ கொல்லையில் உடைத்தார். முழுதாக வளர்ந்த குஞ்சுகள். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்து பார்த்தார்.

"இதுல என் தப்பு என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. சிலது அப்டித்தான்."

இப்போது என் மகன் இரண்டாம் வகுப்பு. முட்டையைக் கண்டால் ஓடுகிறான். போன மாதம் நூலகத்தில் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். முட்டையின் கூர்முனை மேலே இருக்கும்படி வைத்தால் குஞ்சின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும், காற்றுப் பை மறுபக்கம் இருப்பதால் மூச்சுக் கிடைக்காமல் இறந்துவிடும் என்று போட்டிருந்தது. மூன்றாம் ஈட்டின்போது இடம் போதாமல், இரண்டு முட்டைகளை மட்டும் பெட்டி மூலையில் கூர்முனை மேலாகத் துணி சுற்றி நிறுத்தி வைத்திருந்தேன்.

உடைத்த கணத்திலேயே டைனமோவுக்குத் தெரிந்திருக்கும். அம்பத்தூரில் எந்த முட்டைக்கும் காரணம் சொல்லாமல் விடாத மனிதர், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.