வராதவர்களை நம்பி

நூறு பேரை அழைத்தால் நூறு பேரும் வரமாட்டார்கள் என்பது மனித குலம் அனுபவத்தில் கண்டறிந்த பெரிய உண்மை. கல்யாணப் பந்தி, கட்சி மாநாடு, கல்லூரி வகுப்பு எல்லாம் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. வராதவர்கள் ஒருநாள் மனம் மாறி வரத் தொடங்கிவிட்டால் நாடு என்ன ஆகும் என்பதை 1997ஆம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெங்களூர் விமான நிலையத்தில் எங்கள் தெருவே நேரில் பார்த்தது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் விமானத்தில் போனதில்லை. விமானம் தலைக்கு மேல் போகும், நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். உறவு அத்தோடு சரி. சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு சங்கமித்ராவுக்கு ஒரு கூரியர் வந்தது. பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தது. உள்ளே ராஜகருட் ஏர்வேஸின் ஞாயிறு மாலை டிக்கெட்டும் இருந்தது. அன்றைய பம்பாய் ரயில் போய்விட்டது. மறுநாள் ராத்திரி ரயிலில் போனால், இன்டர்வியூ முடிந்து நாற்காலிகளை அடுக்கிவைத்த பிறகுதான் போய்ச்சேர முடியும். விமானத்தை விட்டால் வேலையும் போச்சு.

அவளுடைய அப்பா முனிகிருஷ்ணன் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் சூப்பர்வைசர். மகள் ஆகாயத்தில் போவதைத் தெரு பார்க்காவிட்டால் அவள் போயும் பயனில்லை என்று நினைத்தார். அய்யாவுவின் மெட்டடார் வேனைப் பேசி முடித்தார். பன்னிரண்டு பேர் உட்காரலாம். இருபத்தைந்து பேரை அழைத்தார்.

"இன்னாங்க இது? இருபத்தஞ்சு பேரு எங்க உக்காருவாங்க?" என்றாள் அவருடைய மனைவி சரளா.

"கூப்பிடுறது மரியாதை. அதுக்காக எல்லாருமா வந்துடுவாங்க? ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டிவியில படம் வேற. பாதி பேரு வரமாட்டாங்க பாரு."

இருபத்தைந்து பேரும் வந்தார்கள். சிலர் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளையும் கையோடு கூட்டிவந்தார்கள்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான் அய்யாவு. இந்த நகரத்தின் அரசியல் சட்டமே 'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்னும் இந்த மூன்று கன்னடச் சொற்களில் அடக்கம். பெரியவர்கள் சீட்டில், சின்னவர்கள் மடியில், நான் ஸ்டெப்னி டயர் மேல். பெர்னதெத் ஆன்ட்டி மட்டும் அச்சு முறுக்கு டப்பாவோடு ஒன்றரை இடத்தில் அமர்ந்து யாரையும் பார்க்காமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் மிஞ்சினார். கர்நாடக அரசின் தலைமைச் செயலகமான விதான் சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற சாமிநாதன்.

"சார், உங்களுக்கு இடம் இல்லைன்னு இல்ல" என்று முனிகிருஷ்ணன் குழைந்தார். "உங்க இடத்துல வேற ஒருத்தர் உக்காந்துட்டார், அவ்வளவுதான்."

சாமிநாதன் அதை ஆட்சேபிக்கவில்லை. இந்த மாதிரி பதிலை அவரே முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டரைக் கிளப்பினார். அது தொம்லூர் வரை வந்து படுத்துக்கொண்டது. மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க விமான நிலையத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் முனிகிருஷ்ணன். "திரும்பிப் போகும்போது வேன்ல சங்கமித்ரா சீட்டு காலிதானே? அது உங்களுக்குத்தான்."

எல்லோரும் பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கவுண்டர். சங்கமித்ரா மாலையும் கழுத்துமாக வரிசையில் நின்றாள். கவுண்டரை அடைந்தாள். பேசினாள். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இடம் இல்லையாம்பா."

அவள் பின்னாலேயே டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். சட்டையில் குத்தியிருந்த தகட்டில் 'கிரண், பயணிகள் நல்லுறவு அதிகாரி' என்று இருந்தது.

"இடம் இல்லைன்னு எங்க கம்பெனி யாருக்கும் சொல்லாது சார்" என்றார் சிரித்த முகத்துடன். "மேடத்தோட இடம் அப்படியேதான் இருக்கு. அதுல வேற ஒருத்தர் உக்காந்திருக்கார்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று வேனில் வந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது எப்படி சார்? டிக்கெட் இருக்குதே!"

"டிக்கெட் நெறைய பேருக்கு இருக்கு சார். நூறு சீட்டுக்கு நூத்திப் பத்து டிக்கெட் விக்கிறோம். எப்பவும் பத்து பேர் வரமாட்டாங்க. இன்னைக்கு என்னவோ எல்லாரும் வந்துட்டாங்க." குரலில் உண்மையான வேதனை இருந்தது. "ஜனங்ககிட்ட முன்ன மாதிரி ஒழுங்கு இல்ல சார்."

இங்கே முனிகிருஷ்ணன் கோபப்பட்டிருக்க வேண்டும். தெருவே அதற்காகத்தான் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு தொழில்முறைப் பிரகாசம் வந்தது.

"நானும் அப்படித்தான் சார்! ஆயிரம் பேரு ஷிப்ட்டு. எண்ணூறு பேருக்குத்தான் உலை வைப்பேன்."

"ஓ! எல்லாரும் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"சாம்பார்ல தண்ணி ஊத்துவேன்."

கிரண் பெருமூச்சு விட்டார். "எங்களால தண்ணி ஊத்த முடியாதே சார்."

"அதான் உங்க கஷ்டம்" என்று முனிகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்பா!" என்றாள் சங்கமித்ரா. "நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ."

"அதானே!" என்று திடுக்கிட்டு மகள் பக்கம் வந்தார்.

பெர்னதெத் ஆன்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். பொண்ணு ஒல்லியாதான் இருக்கா. யாராவது லேடீஸ் பக்கத்துல ஒதுங்கி உக்காந்துக்குவா."

"புராணத்துலயே இருக்கு சார்" என்று சாமிநாதன் துணைக்கு வந்தார். "புஷ்பக விமானத்துல எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருத்தருக்கு இடம் மிச்சம் இருக்குமாம்."

"அந்தத் தத்துவத்துலதான் சார் எங்க ரிசர்வேஷன் டிபார்ட்மென்ட்டே நடக்குது" என்றார் கிரண் பணிவாக. "ஏரோபிளேன் செய்யறவங்களுக்குத்தான் அது இன்னும் போய்ச்சேரல." பிறகு குரலை மாற்றிக்கொண்டு சுவரைக் காட்டினார். "ஆனா நீங்க அநாதையா நிக்கல. மேடத்துக்கு உரிமைகள் இருக்கு."

சுவரில் 'ஏற மறுக்கப்பட்ட பயணிகளின் உரிமைகள்' என்று சட்டம் போட்ட பலகை தொங்கியது. மறுக்கப்பட்டதை அறிந்துகொள்ளும் உரிமை. அதற்கு நிர்வாகம் வருந்துவதைக் கேட்கும் உரிமை. மாடி உணவகத்தில் கட்லெட்டும் காபியும் அருந்தும் உரிமை. அவற்றை நிம்மதியாக அருந்தும் உரிமை. முதல் இரண்டையும் மேடம் ஏற்கெனவே அனுபவித்துவிட்டதாகக் கிரண் தெரிவித்தார்.

கட்லெட் என்றதும் தெருவில் ஒரு சலசலப்பு.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் சாமிநாதன். "நாங்களும்தான் ஏறல. எங்களுக்கும் கட்லெட் உண்டா?"

கிரண் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிடவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "டிக்கெட் வாங்கிட்டு ஏறாம இருந்தா அது மறுப்பு சார். டிக்கெட் வாங்காம ஏறாம இருந்தா அது சுதந்திரம். சுதந்திரத்துக்கு நாங்க நஷ்டஈடு தர முடியாது."

சாமிநாதன் மெய்சிலிர்த்துப்போனார். "விதான் சௌதாவுல இருக்க வேண்டிய பிள்ளை" என்று என் காதில் சொன்னார்.

சங்கமித்ராவுக்குக் கட்லெட் மேல் ஆசை இல்லை. "நான் இங்கயே நிக்கிறேன் சார். யாராவது கடைசி நிமிஷத்துல போகலைன்னா..."

"மேடம், உரிமையை அனுபவிக்கலைன்னா நாளைக்கு நாங்க மறுத்துட்டோம்னு ஆயிடும். ஏற்கெனவே ஒரு தடவை மறுத்திருக்கோம். ரெண்டாவது தடவை மறுக்க எனக்கு அதிகாரம் இல்ல. தயவுசெய்து போங்க."

"போம்மா, பசியோட எத்தினி நேரம் நிப்ப?" என்று சரளாவும் சேர்ந்துகொள்ள, தாயும் மகளும் மாடிக்குப் போனார்கள். கட்லெட் அப்போதுதான் பொரியத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான், ஏறி உட்கார்ந்திருந்த ஒருவர் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து இறங்கிப்போனார். ஒலிபெருக்கியில் சங்கமித்ராவின் பெயர் ஒலித்தது. மூன்று முறை, மூன்று மொழியில். நாங்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாடி! மாடி!" என்று கத்தினோம். முனிகிருஷ்ணன் படிக்கட்டை நோக்கி ஓடினார். படியில் நின்ற காவலர் உணவகத்துக்குப் போகக் கூப்பன் கேட்டார்.

தாயும் மகளும் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது விமானம் ஓடுபாதையில் இருந்தது.

"கூப்பிட்டோமே மேடம்" என்றார் கிரண்.

"மாடியில கேக்கலையே சார்!"

"மாடியில ஸ்பீக்கர் கிடையாது. நிம்மதியா சாப்பிடறது பயணிகளோட உரிமை. போர்டுல நாலாவது."

"அப்ப என் சீட்டு?"

"அது காலியா போகுது."

கண்ணாடி வழியே பார்த்தோம். ராஜகருட் மூக்கைத் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே ஏறியது.

"பார்த்தீங்களா?" என்று சாமிநாதன் கைகூப்பினார். "ஒரு இடம் மிச்சம். சாட்சாத் புஷ்பகம்."

சங்கமித்ராவின் கண்ணில் நீர் தளும்பியது. அவள் வழக்கமாக அழுகிறவள் அல்ல. "இப்ப நான் என்ன சார் பண்றது?"

"இப்ப உங்க நிலைமை மாறிடுச்சு மேடம். இதுவரைக்கும் நீங்க மறுக்கப்பட்டவங்க. கூப்பிட்டும் வராததால இப்ப நீங்க வராதவங்க. வராதவங்களுக்கு உரிமை எதுவும் கிடையாது."

"நான்தான் வந்து உங்க முன்னாடி நிக்கிறேனே!"

"அது உங்க சொந்த விஷயம்." கிரண் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். வராதவங்கன்னா எங்க கம்பெனிக்குத் தனி மதிப்பு. உங்கள மாதிரி ஆளுங்கள நம்பித்தானே நாங்க தொழில் பண்றோம்? இன்னைக்குப் பூரா ஒருத்தர் கூட வராம இருக்கல. நீங்க ஒருத்தராவது எங்க மானத்தைக் காப்பாத்தினீங்க. அதுக்காக நாளைக் காலைல முதல் ப்ளைட்டுல டிக்கெட் போட்டுத் தர்றேன். எட்டு மணிக்கெல்லாம் பம்பாய்."

முனிகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கமித்ரா மட்டும் கேட்டாள். "அதுல இடம் இருக்கா சார்?"

"அதுலயும் கொஞ்சம் அதிகமாத்தான் வித்திருக்கோம். முன்னாடி வர்றவங்களுக்கு இடம்."

"முன்னாடின்னா?"

"எல்லாருக்கும் முன்னாடி."

சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு விடிவதற்குள் வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெளியே வந்தோம். அய்யாவு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் தெரு ஒரே மூச்சில் ஏறியது. விமானத்தில் ஏறுவதற்கு நடந்த விசாரணை எதுவும் இங்கே நடக்கவில்லை. சாமிநாதன் ஜன்னலோரம் அமர்ந்து மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டார். கடைசியாகப் பெட்டியோடு சங்கமித்ரா வாசலில் வந்து நின்றாள்.

எல்லோரும் சாமிநாதனைப் பார்த்தோம். சாமிநாதன் முனிகிருஷ்ணனைப் பார்த்தார். வாக்கு வாக்குதானே என்று அந்தப் பார்வை சொன்னது.

முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இடம் இல்லைன்னு இல்லம்மா..."

"தெரியும்பா" என்றாள் சங்கமித்ரா.

"நீதான் போயிடுவியேன்னு..."

"தெரியும்பா. நான் இங்கயே இருக்கேன்."

"வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டா? நான் துணைக்கு இருக்கிறேன்" என்று சரளா இறங்கினாள். அம்மா இறங்கியதால் இப்போது ஓர் இடம் காலி, அதில் மகள் உட்காரலாம். ஆனால் மகள் உட்கார்ந்துவிட்டால் அம்மா எதற்கு இறங்க வேண்டும்? இந்தச் சிக்கலை முனிகிருஷ்ணன் விரல்விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தபோதே, பெர்னதெத் ஆன்ட்டி மெதுவாக விரிந்து இரண்டு இடம் ஆனார். பிரச்சினை தீர்ந்தது. நான் டயரிலிருந்து எழுந்திருக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு, நாலு அச்சு முறுக்கைக் காகிதத்தில் சுற்றி சங்கமித்ராவிடம் கொடுத்தது. எங்கள் தெருவில் கட்லெட் தருகிற வழக்கம் இல்லை.

மறுநாள் கவுண்டர் திறந்தபோது அதன் முன்னால் முதல் ஆளாக நின்றவள் சங்கமித்ராதான். அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் எட்டுப் பேருக்குக் கட்லெட் கிடைத்தது. அவள் பறந்தாள். பத்து மணிக்கு இன்டர்வியூவில் இருந்தாள். வேலை கிடைத்தது.

அதிலிருந்து முனிகிருஷ்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றுதான் சொல்வார். "அன்னிக்கு வேன்ல இடம் இருந்திருந்தா எம் பொண்ணு வீட்டுக்கு வந்து தூங்கிப் போயிருப்பா. இருக்கிற இடத்துக்கு மேல ஆளுங்களக் கூப்பிட்டா நல்லதே நடக்கும்." தெருவும் அதை ஒப்புக்கொண்டது. எங்கள் கல்யாணங்களும் அதன்படியே நடக்கின்றன.

புத்த பூர்ணிமாவுக்கு சங்கமித்ரா லீவில் வந்தாள். அழைத்துவர அதே மெட்டடார். இந்த முறை முனிகிருஷ்ணன் ஐம்பது பேருக்குச் சொல்லியிருந்தார்.

"எல்லாருமா வந்துடுவாங்க?" என்றார்.

எல்லோரும் போனோம். மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம், பம்பாயில் மழை எப்படி என்று விசாரித்தோம். அவளுடைய பெட்டிக்கு எப்படியோ வேனில் இடம் கிடைத்துவிட்டது.

சங்கமித்ரா ஆட்டோவில் வந்து சேர்ந்தாள்.