கர்ஜனையா, கர்ஜனை பிளஸ்ஸா?

ஒரு காட்டில், அங்கேயும் டோக்கன் முறை வந்துவிட்ட பிறகு, பிலோமினா என்று ஒரு தேவாங்கு இருந்தாள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் குட்டி ஒன்றும் இருந்தது. குட்டிக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர்ப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். தகப்பன் அடுத்த மலைக்கு வேலைக்குப் போனவன், தகவல் கிடைத்ததும் உடனே புறப்பட்டு, தேவாங்கு நடையில் வந்துகொண்டிருந்தான்.

பிலோமினாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். இலை விழுந்தால் பயம். விழாமல் ஆடிக்கொண்டே இருந்தால் அதைவிடப் பயம். குட்டி அழுதால் பயம். அழாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். விரல் பட்டுக் குட்டி அழும். மறுபடியும் முதலிலிருந்து.

"உனக்கு ஏம்மா கண்ணு இவ்வளவு பெரிசு?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

"பிறக்கும்போது இப்படி இல்லை," என்பாள் பிலோமினா.

அவளுடைய பயங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காரணம் இருந்தது. அதன் பெயர் துரைராஜ். துரைராஜ் ஒரு சிறுத்தை. போன மாதம் பக்கத்து மரத்து அணிலைச் சாப்பிட்டான். அடுத்த வாரம் எதிர்ப்புதர் முயலை. அதற்கடுத்த வாரம், இவை பற்றிய புகாரை எழுதி வாங்கிக்கொண்ட குமாஸ்தா நரியை, புகார் நோட்டோடு சேர்த்து. நேற்று மாலை பிலோமினாவின் மரத்தடியில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "குட்டி அழகா இருக்கே, யாரு சாயல்?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, நாளைக்கு வரேன்," என்று போய்விட்டான்.

அன்றிரவே காட்டு சபை அவசரமாகக் கூடியது. தலைவர் யானை பேசினார். யானைக்குச் சிறுத்தைப் பயம் கிடையாது என்பதால் மிக நிதானமாகப் பேசினார்.

"பெரிய சத்தம் கேட்டால் சிறுத்தை ஓடிவிடும் என்று நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே குட்டி உள்ள குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இலவசம். ஒன்றுதான். எடுத்ததை மாற்றித் தர மாட்டோம்."

"எந்த நிபுணர்?" என்று ஒரு மைனா கேட்டது. அடுத்த கூட்டத்துக்கு மைனாவுக்கு அழைப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் பிலோமினா படிவத்தை மூன்று பிரதி எழுதி எடுத்துக்கொண்டு இசக்கி அண்ணாச்சி கடை வரிசையில் நின்றாள். இசக்கி அண்ணாச்சி முள்ளம்பன்றி. யானைக்குப் போட்ட மின்வேலியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, திருவிழாவில் யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டியிருந்தார். பிலோமினாவின் டோக்கன் இருபத்து மூன்று. அவளுக்குப் பின்னால் ஒரு கரடி. கரடிக்குப் பின்னால் ஒரு பன்றியக்கா, ஒன்பது குட்டிகளோடு.

முன்னால் நின்ற இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிலோமினாவின் முறை வந்தது. அண்ணாச்சி இரண்டை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது கர்ஜனை. இது கர்ஜனை பிளஸ். ஏதாவது ஒண்ணு எடுத்துக்கோங்க தாயி."

இரண்டும் ஒரே சிவப்பு. ஒரே வளைவு. ஆறு கம்பி, ஆறு முறுக்காணி.

"என்ன அண்ணாச்சி வித்தியாசம்?"

"இதுல பிளஸ் கிடையாது. அதுல உண்டு."

"பிளஸ்ஸுன்னா?"

"வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." அண்ணாச்சி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நீட்டினார். "இதால மீட்டுங்க. திருப்பித் தந்துரணும்."

பிலோமினா கர்ஜனையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் கிட்டாருக்கும் நடுவில் குட்டி இருந்தது. அது கிட்டாரின் கழுத்தைக் கிளை என்று நினைத்துக் கட்டிக்கொண்டது. கர்ஜனையின் கழுத்தில் குட்டியின் விரல்கள் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. கர்ஜனை பிளஸ்ஸின் கழுத்தில் ஒரு நெல்மணி இடைவெளி விழுந்தது.

"அப்போ இது ஒல்லி, அது கொஞ்சம் தடிமன்," என்றாள்.

"பாத்தீங்களா, பிளஸ்!" என்றார் அண்ணாச்சி, தானும் அப்போதுதான் தெரிந்துகொண்டவராக.

அடுத்தது சத்தம். கர்ஜனையை மீட்டினாள். எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி சுருக்கென்று தெறித்தது. பிளஸ்ஸை மீட்டினாள். ரசம் நுரை கட்டிப் பொங்குகிற மாதிரி, அடியிலிருந்து மெத்தென்று எழும்பி வந்தது. இதில் எதற்குச் சிறுத்தை ஓடும்? கடுகு காதைக் குத்தும். ரசம் தூரம் போகும். கடுகை எடுத்துக்கொண்டு போய், அவன் ரசத்துக்குப் பயப்படுகிறவனாக இருந்துவிட்டால்? குட்டி அவள் வயிற்றில் கொட்டாவி விட்டது. பிலோமினா மறுபடி கர்ஜனையை மாட்டினாள்.

பதினோராவது தடவையில் கரடி பொறுமை இழந்தது. "ஏம்மா, புடவையா எடுக்கற? ரெண்டும் ஒண்ணுதாம்மா. தூக்கிட்டு நகரு!"

"அண்ணே, கோவிச்சுக்காம சொல்லுங்க. ரெண்டுல எது நல்லாயிருக்கு?"

"இதுல என்ன இருக்கு? ரெண்டாவதுதான்." கரடி காதைச் சொறிந்தது. "இரு. முதல்ல உள்ளதை இன்னொருக்கா தட்டு."

தட்டினாள்.

"ம்ம். இல்லையே. இதுல ஒரு தெளிவு இருக்கே."

"தெளிவா? எனக்குப் பல்லு கூசுது," என்றாள் பன்றியக்கா. "அந்தத் தடியன்தான் கேக்க சுகமா இருக்கு."

"உனக்குச் சேறு மாதிரி இருந்தா எல்லாமே சுகந்தான்."

"தேனடையில தலையை விட்டு விட்டுக் காது அடைச்சுப் போனவனெல்லாம் தெளிவைப் பத்திப் பேசறான்!"

மதியத்துக்குள் வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கடுகுக் கட்சி இடப்பக்கம், ரசக் கட்சி வலப்பக்கம். பன்றியக்காவின் ஒன்பது குட்டிகளில் ஐந்து கடுகுப் பக்கம் போய்விட்டன. ஒவ்வொரு தடவை மீட்டும்போதும் காடே அதிர்ந்தது.

நிபுணர்கள் சொன்னதில் ஒரு சின்னத் தவறு இருந்தது. பெரிய சத்தம் கேட்டால் சிறுத்தை ஓடாது. என்ன என்று பார்க்க வரும்.

துரைராஜ் வந்தான்.

இரண்டு கட்சியும் ஒரே திசையில் ஓடின. கரடி எல்லோருக்கும் முன்னால். அண்ணாச்சி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். முட்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிலோமினா ஓடவில்லை. தேவாங்கு ஓடாது. ஓட ஆரம்பித்தாலும், பார்க்கிறவர்களுக்கு அது யோசிக்கிற மாதிரிதான் தெரியும்.

"என்னம்மா, இங்க இருக்கியா? உன் மரத்துக்குப் போயிட்டுத்தான் வரேன்," என்றான் துரைராஜ். நாக்கை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு பிலோமினா கர்ஜனையை ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள்.

துரைராஜ் ஓடவில்லை. ஒரு காதை மட்டும் லேசாகத் திருப்பினான்.

பிளஸ்ஸை எடுத்து மீட்டினாள். இன்னொரு காதைத் திருப்பினான். அப்புறம் ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் மூச்சு குட்டியின் உச்சிமயிரை அசைத்தது.

பிலோமினாவுக்கு ஒரு ஜெபமும் ஞாபகம் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்ட கேள்வியோ, அதுதான் வாயில் வந்தது.

"சார், இந்த ரெண்டுல எது நல்லாயிருக்கு?"

"ரெண்டாவது," என்றான் துரைராஜ். வாயைத் திறந்தான். கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"இரு," என்றான். "முதல் ஒண்ணை இன்னொரு தடவை வாசி."

வாசித்தாள்.

"ம். ஆரம்பம் இதுல நல்லாயிருக்கு. ஆனா கடைசில அந்த இழுவை வரல. அதை வாசி. பாத்தியா, இழுவை! ஆனா ஆரம்பம் போச்சு." துரைராஜ் உட்கார்ந்தான். "நீ வேற மாதிரி மீட்டற. ரெண்டையும் ஒரே மாதிரி மீட்டினாத்தானே தெரியும்? கொடு இப்படி."

கொடுத்தாள். அவனுக்கு முள் தேவைப்படவில்லை, நகம் இருந்தது. முதல் மீட்டிலேயே இரண்டு கம்பி அறுந்தது.

"நகத்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டு வாசிங்க சார்," என்றாள் பிலோமினா.

"கழுத்து இது என் கைக்கு நல்லா உக்காருது. ஆனா சத்தம் அது. இதோட கழுத்துல அதோட சத்தம் வந்தா..." துரைராஜ் பெருமூச்சு விட்டான். "அண்ணாச்சி! கம்பி இருக்கா?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை கம்பிச்சுருளை நீட்டியது.

பிலோமினா வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வாசல் ஆறு அடி தூரம். அரை மணி நேரம் ஆனது. துரைராஜ் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் போனது. காட்டில் ஒரு எலிக்குஞ்சு கூடக் காணாமல் போகவில்லை. "கிட்டார் திட்டம் மாபெரும் வெற்றி" என்று சபை பலகை வைத்தது. யானைக்கு மாலை போட்டார்கள். யானை மாலையைச் சாப்பிட்டார். துரைராஜ் கடையை விட்டு நகரவில்லை. அண்ணாச்சி கொடுக்கும் டீயும் வர்க்கியும்தான் ஆகாரம். இடுப்பு வற்றிவிட்டது. "இன்னிக்கு முடிவு பண்ணிடுவேன் அண்ணாச்சி," என்று தினமும் காலையில் சொல்வான். பிலோமினாவின் குட்டிக்கோ அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

பிலோமினாவுக்கு மட்டும் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. அவன் முடிவு பண்ணிவிட்டால்?

இருபத்திரண்டாம் நாள் சத்தம் நின்றது. குட்டி விழித்து அழுதது. பிலோமினா கீழே இறங்குவதற்குள் துரைராஜ் மரத்தடிக்கே வந்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"முடிவு பண்ணிட்டேம்மா," என்றான். "பிளஸ்தான். இனிமே சந்தேகமே இல்லை." உடம்பை நீட்டி முறித்துக்கொண்டான். வயிறு உறுமியது. மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் குட்டியைப் பார்த்தான். "அடடே. நல்லா சதை போட்டிருக்கே."

பிலோமினா குட்டியை இறுக்கிக்கொண்டாள். கண் இன்னும் கொஞ்சம் பெரிதானது.

"நல்லது சார். பிளஸ் நல்ல செலக்‌ஷன்," என்றாள். "ஆனா அது கறுப்பு கலர்லயும் வருதாமே."

துரைராஜ் சிரித்தான். "போம்மா. கலருக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மரத்தில் முன்னங்காலை வைத்தான். இரண்டு அடி ஏறினான். மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"பெயின்ட் தடிமன் மாறுமோ?"

"தெரியலையே சார்," என்றாள் பிலோமினா. "கேட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

துரைராஜ் மெதுவாக இறங்கினான். போகும்போது கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்: "அண்ணாச்சி! கடையைச் சாத்திடாதீங்க!"

சிறிது நேரத்தில் கடுகு வெடித்தது. பிறகு ரசம் பொங்கியது. குட்டி தூங்கிவிட்டது. பிலோமினா அதன் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

நீதி: பகைவனை விரட்டாதே, உட்காரவைத்து அபிப்பிராயம் கேள். ஓடினவன் திரும்பி வருவான். அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தவன் எழுந்திருக்க மாட்டான்.