இரண்டு கடுகும் என் ஆள்காட்டி விரலும்

எஞ்சினியரிங் படித்த எல்லோரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது "டெஸ்ட் பண்ணிட்டேன், ஓடுது" என்று சொல்லியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் பொய் சொல்லியிருப்பார்கள். மீதிப் பேர், என்னை மாதிரி, உண்மையென்று நம்பியே சொல்லியிருப்பார்கள். பொய் சொன்னவர்கள் எப்படியும் சமாளித்துவிடுவார்கள். நம்பியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

என் அப்பா எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் கரண்ட் மண்ணில் இறங்கட்டும் என்று, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தகடுதான் குலசாமி. வீட்டுக்கு வந்த பிறகும் கொல்லையில் இருக்கும் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ("சோத்துக்குள்ள என்ன மருந்தா கெடக்கு?" என்று அம்மா தினமும் கேட்பாள். அப்பா தினமும் தொடுவார்.)

நான் அப்போது படிப்பை முடித்து, வேலை கிடைக்காமல், 'எம்பெடட் டிசைன் எஞ்சினியர்' என்று கார்டு மட்டும் அடித்து வைத்திருந்தேன். அச்சகங்கள் நிறைந்த சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது ஒரு வசதி. வேலைக்கு முன்னாலேயே விசிட்டிங் கார்டு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் அப்பாவின் முதலாளிக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. தூரத்தில் இருந்தபடியே, வயர் வழியாக, பேன்சி வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தும் பெட்டி. வடக்கேயிருந்து வரும் ஏஜென்டுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும். தனக்கென்று எதையும் கேட்டறியாத அப்பா, முதல் முறையாக வாயைத் திறந்து, "எம் மக செய்வா மொதலாளி" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இது ஒம் படிப்பு மட்டும் இல்ல தாயி. எம் பேச்சும் இதுல இருக்கு."

அப்போதும் என் தலைக்கனம் குறையவில்லை. "இதெல்லாம் ஒரு விசயமாப்பா?" என்றேன்.

பெட்டிக்குள் இருக்கும் போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு சிப் உண்டு. எந்த வெடி எப்போது என்று தீர்மானிப்பது அதுதான். அந்தச் சிப்புக்கு நாடித்துடிப்பு கொடுப்பது கிரிஸ்டல் என்ற சின்னத் தகர டப்பி. துடிப்பு நின்றால் சிப்பும் நின்றுவிடும். கிரிஸ்டலுக்கு இரண்டு கால்கள். ஒவ்வொரு காலுக்கும் கடுகு அளவில் ஒரு கெப்பாசிட்டர் வைத்துத் போர்டின் 'கிரவுண்ட்' கோட்டோடு இணைக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. நானும் வைத்தேன். நான் செய்த ஒரே சரியான காரியம் அது.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டைப் பரிசோதிக்க உட்கார்ந்தார்.

"இதென்ன, கடுகு மாதிரி ரெண்டு?"

"கெப்பாசிட்டர்ப்பா. கரண்டைக் கொஞ்சூண்டு சேத்து வைக்கும்."

"சேத்து வைக்குமா?" அப்பா கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "உடம்புல ஒட்டுன கரண்டையே தொடச்சிட்டுத்தான் நாங்க உள்ள போறோம். நீ சேத்து வைக்கிற சாமானையே கொண்டாந்து வச்சிருக்கியா? புடுங்கு தாயி."

"அப்பா, இதால ஒரு எறும்பைக்கூட எழுப்ப முடியாதுப்பா."

"எறும்பு வேற, மருந்து வேற. புடுங்கு."

படித்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நானோ பிடுங்கிவிட்டு, அது இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தேன். துடிப்பைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பைக் கல்லூரி லேபில் கெஞ்சி வாங்கி வந்து, அதன் முள்ளை கிரிஸ்டலின் காலில் வைத்தேன். திரையில் அலை அழகாக ஓடியது. வெடிகளுக்குப் பதிலாக மாட்டியிருந்த குட்டி பல்புகள் வரிசையாக எரிந்தன. பத்து முறை பார்த்தேன், பத்து முறையும் எரிந்தன. புத்தகம் எழுதியவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

எனக்குத் தெரியாத ஒரு விசயம் இருந்தது. ஆஸிலாஸ்கோப் முள்ளும் கொஞ்சூண்டு கரண்டைச் சேர்த்து வைக்கும்; பிடுங்கிப்போட்ட கடுகின் வேலையை அந்த முள்ளே செய்துகொண்டிருந்தது. முள்ளை எடுத்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும். நான் ஒரு முறைகூட முள்ளை எடுத்துவிட்டுப் பார்க்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே "எம் பிள்ள நடக்குது" என்று ஊரைக் கூட்டிய கதைதான்.

ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் ஏற்பாடு. பொழுது சாய்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முதலாளியும் ஏஜென்டும், நடுவில் ஒரு தட்டில் சாத்தூர் சேவு. அவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் என் பெட்டி. அதிலிருந்து நீளமான வயர்கள் தூரத்தில் வெடிகளை இறக்கி நட்டிருந்த குழாய்களுக்குப் போயின. அப்பா ஒரு பலகையில் செம்புத் தகட்டை அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஏஜென்ட் உட்பட எல்லோரையும் அதைத் தொடவைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"போடு தாயி."

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துப் போட்டேன். பொட்டலில் எங்கேயோ ஒரு ஆடு கத்தியது.

முதலாளி சேவைக் கொறித்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தேன். கிரிஸ்டலின் கால் விட்டுப்போயிருக்குமோ என்று ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தினேன்.

டமார்! வானத்தில் பச்சைப் பூ விரிந்தது.

பயந்துபோய் விரலை எடுத்தேன். அமைதி. வைத்தேன். டமார், சிவப்பு. எடுத்தேன். அமைதி. எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸிலாஸ்கோப் முள் செய்த வேலையை இப்போது என் விரல் செய்துகொண்டிருந்தது. நாலு வருசம் படித்த படிப்புக்குக் கிடைத்த பதவி: உதிரிபாகம்.

வேறு வழியில்லாமல் விரலை வைத்துக்கொண்டே நின்றேன். வானம் ஜோராக இருந்தது. ஆனால் பொட்டல் கொசு கழுத்தில் உட்கார்ந்ததும் கை தானாகப் போய்விட்டது. காட்சி நின்றது. திரும்ப வைத்தேன், தொடர்ந்தது. அப்புறம் தும்மல். மறுபடி நின்றது. புகை தும்மலைக் கிளப்ப, தும்மல் காட்சியை நிறுத்த, ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினார். கடைசியாகப் பன்னிரண்டு வெடி ஒன்றாகப் போக வேண்டிய இடத்தில், எனக்கு மூன்று தும்மல் சேர்ந்து வந்து இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஏஜென்ட் எழுந்து குழாய்கள் பக்கம் நடக்கப் பார்த்தார். அப்பா குறுக்கே பாய்ந்தார்.

"யாரும் போகக் கூடாது! வெடிக்காத வெடிகிட்ட அர மணி நேரத்துக்கு ஆள் போகவே கூடாது. பதறக் கூடாது. பாதுகாப்புன்னா நிதானம்..."

குழாய்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா நிதானத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில், முதலாளி சேவுக் கையோடு பெட்டிக்குள் குனிந்தார். "இந்த டப்பாதானம்மா?" என்று கிரிஸ்டலைத் தொட்டார்.

பன்னிரண்டும் போயின. அத்தனை வருசத்தில் எந்தச் சத்தத்துக்கும் கண் இமைக்காத என் அப்பா, பக்கத்திலிருந்த சீமைக்கருவேலம் புதருக்குள் தலைகுப்புறப் பாய்ந்தார்.

வெளியே வரும்போது சட்டை கிழிந்திருந்தது. முழங்கையில் முள். முதலாளி சிரிக்கவில்லை.

"என்னப்பா மாடசாமி, நின்னு நின்னு போகுது? ஒம் மக செஞ்சதுதான?"

எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. என்னால் அவர் பேச்சு போய்விட்டதே என்று அழுகை முட்டியது. அப்பா முள்ளைப் பிடுங்கி எறிந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, பொய் சொல்லியே பழக்கமில்லாத அந்த மனிதர் சொன்னார்:

"அது பாதுகாப்பு ஏற்பாடு மொதலாளி. ஆளு கை வச்சாத்தான் ஓடும், எடுத்தா நின்னுரும். நம்ம அறை வாசல்ல தகடு இருக்குல்ல, அதுமாதிரி. நீங்களே தொட்டுப் பாத்தீகள்ல?"

ஏஜென்டின் முகம் மலர்ந்தது. அரைகுறைத் தமிழில் சொன்னார்: "ரொம்ப நல்லா ஐடியா! இப்டியே இருவது பெட்டி வேணும். விரல் வைக்கிறது கண்டிப்பா வேணும்."

பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் அப்பா கேட்டார்: "அந்தக் கடுகு ரெண்டும் இருந்திருந்தா?"

"ஓடியிருக்கும்ப்பா."

"ம். ஒங்கம்மாட்ட சொல்லாத" என்றார்.

(அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன்.)

இருபது பெட்டியிலும் கெப்பாசிட்டர் வைத்தேன். ஆர்டர்படி மேலே ஒரு செம்புத் தகடும், அதற்கடியில், விரல் அழுத்தினால் மட்டும் ஓடவிடும் ஒழுங்கான ஒரு சுவிட்சும் வைத்தேன். இன்றைக்கும் எங்கள் பெட்டிகளில் அந்தத் தகடு உண்டு. அப்பா ஓய்வுபெற்ற பிறகு என் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு போர்டிலும் "கடுகு ரெண்டு" என்று எண்ணிப் பார்க்காமல் ஒரு பெட்டியை வெளியே விடமாட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மிக்ஸி ஓடாவிட்டாலும், அடுப்பு பற்றாவிட்டாலும், "அவளக் கூப்பிடு, விரல வைக்கட்டும்" என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை. போன மாசம் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. எலக்ட்ரீசியன் ஒரு மணி நேரம் பிரித்துப் பிரித்து மாட்டினார். "தம்பி, நீங்க தள்ளுங்க. எம் மக வருவா" என்றார் அப்பா. அந்த ஆள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல், சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான் மோட்டார்மேல் விரலை வைத்தேன்.

ஓடிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் வந்தது என்று நான் சொன்னதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.