பின் சீட்டில் ஒரு 'ம்'

மனிதர்கள் எதை வேண்டுமானாலும் மறந்துவிட்டுப் போவார்கள். பஸ்ஸில் குடையை, ஓட்டலில் டிபன் பாக்ஸை, கோயில் வாசலில் செருப்பை. (செருப்பை யாரும் மறப்பதில்லை, அது தானாகப் போய்விடும்.) என்னையும் ஒருவர் அப்படி மறந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பெட்ரோல் பங்கில், அம்மாவின் பட்டுப்புடவையில், கையில் ஒரு பை சீதாப்பழத்தோடு.

அந்த ஒருவர் அப்போது என்னைக் காதலித்துக்கொண்டிருந்தார். பெயர் பிரசன்னா. (இனிமேல் அவன், இவன்தான். மரியாதை முதல் பத்தியோடு தீர்ந்துவிட்டது.) தொம்மலூரில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். அவன் சாஃப்ட்வேர் ஆள், நான் சம்பளம் போடும் பிரிவு. அவனுடையது மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா அரசாங்க உத்தியோகம், வீட்டுக்கு முன்னால் பெயர்ப்பலகை, அதற்கு ஒரு விளக்கு. நான் மர்பி டவுன். அப்பா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு முன்னால் தண்ணீர் டிரம்தான் உண்டு.

எங்கள் காதல் ஒரு வருடம் ஓடியது. அதன் நடைமுறை மிகவும் எளிது. அவன் பேசுவான், நான் 'ம்' போடுவேன். அவனுடைய மேனேஜர், மேனேஜருக்கு அவன் கொடுத்த பதிலடி, ஜிம், அடுத்து வாங்கப் போகும் கார் என்று ஸ்கூட்டரில் முன்னால் இருந்து செய்திகள் காற்றில் வந்துகொண்டே இருக்கும். நானும் சும்மா 'ம்' போடவில்லை. ஆச்சரியத்துக்கு ஒன்று, அனுதாபத்துக்கு ஒன்று, 'அய்யய்யோ, அப்புறம்?' என்பதற்கு ஒன்று என்று விதவிதமாக வைத்திருந்தேன். எப்போதாவது நான், "நேத்து எங்க வீட்ல..." என்று ஆரம்பித்தால், "ஒரு நிமிஷம் கலை, இத முடிச்சிடறேன்" என்பான். அந்த நிமிஷம் ஒரு வருடமாக முடியவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் அதற்காகப் பெருமைப்பட்டேன். 'எல்லாத்தையும் என்கிட்டதான் சொல்றான்' என்று கண்ணாடி முன்னால் நின்று பூரித்திருக்கிறேன். அவன் எதையும் என்னிடம் கேட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சில ராத்திரிகளில் காரணமில்லாமல் தொண்டை அடைத்துக்கொண்டு வரும். கேஸ் டிரபிள் என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

நவராத்திரி வந்தது. அவர்கள் வீட்டில் கொலு வைப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வெற்றிலை பாக்கும் சுண்டலும் வாங்கிப் போவார்கள். "கொலுவுக்கு வர்ற மாதிரி வந்துடு. அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றான் பிரசன்னா. பெண் பார்ப்பது என்ற பெயர் இல்லாமல் பெண் பார்த்துவிடலாம், பிடிக்கவில்லை என்றால் சுண்டலோடு போய்விடும். அவன் அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும். அந்த ஒரு வாரம் எனக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லை.

பயிற்சி வேறு கொடுத்தான். "மர்பி டவுன்னு சொல்லாத, அல்சூர் சைடுன்னு சொல்லு. அப்பா என்ன பண்றார்னு கேட்டா, ரிட்டையர்டு. அத்தோட நிறுத்திக்கோ. கொலு முன்னாடி பாடச் சொல்லுவாங்க, தொண்டை சரியில்லன்னுடு."

"எனக்கு நல்லா பாட வருமே" என்றேன்.

"ஒரு நிமிஷம், இத முடிச்சிடறேன்" என்று தொடர்ந்தான்.

நான் 'ம்' போட்டேன். இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு வைப்பேன். எதிரே இருந்த மனிதன் என் ஊரையும் அப்பாவையும் குரலையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். நானோ எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் எல்லோரும் புடவை கட்டி வரும் நாள் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அம்மாவின் பச்சைப் பட்டை வாங்கிக் கட்டினேன். மார்க்கெட்டில் நல்ல சீதாப்பழமாகப் பொறுக்கி வாங்கினேன். சாயங்காலம் அல்சூர் ஏரி ஓரமாக நின்று அவன் ஸ்கூட்டரில் ஒருக்களித்து ஏறினேன். என் கைப்பை முதுகில் இடிக்கிறது என்றான். அதை சீட்டுக்கு அடியில் டிக்கியில் வைத்தோம். போனும் அதற்குள்.

கன்டோன்மென்ட் தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினான். அந்த ஸ்கூட்டருக்கு சீட்டைத் தூக்கினால்தான் பெட்ரோல் போட முடியும். ஆகவே வழக்கம்போல நான் இறங்கி, கொஞ்சம் முன்னால் போய், காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பின்னால் வரிசை நீளம், எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவன் பெட்ரோல் போட்டான், சீட்டை மூடினான், ஏறினான். வாய் மட்டும் ஓயவில்லை. இறங்கும்போது மேனேஜர் கதை பாதியில் இருந்தது. நான் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறத் தயாரானேன்.

ஸ்கூட்டர் என் முன்னால் வந்தது. என்னைத் தாண்டியது. ரோட்டில் ஏறிப் போயே போய்விட்டது.

முதலில் நான் சிரித்தேன். விளையாடுகிறான், வளைவில் திரும்பி வருவான் என்று நினைத்தேன். அப்புறம் யூ டர்ன் தூரமாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் (இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை) 'ஐயோ பாவம், என்னைக் காணாம எப்படிப் பதறுறானோ' என்று அவனுக்காகக் கவலைப்பட்டேன்.

பங்கில் வேலை செய்த ஒரு அம்மா, சாந்தம்மா என்று பெயர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "ஹோக்பிட்ரல்லம்மா!" என்றார் கன்னடத்தில். (போயிட்டாரேம்மா!)

"வருவாரு" என்றேன்.

தன் போனை நீட்டினார். வாங்கிக்கொண்டு அசடு வழிய நின்றேன். அவனுடைய சட்டை சைஸ் தெரியும், காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை என்று தெரியும், ஐந்தாம் வகுப்பில் அவனை அடித்த வாத்தியார் பெயர்கூடத் தெரியும். போன் நம்பர் தெரியாது. என் நம்பரைத் தவிர (அது ஓடுகிற வண்டியில் டிக்கிக்குள் அடிக்கும், அவனுக்குக் கேட்காது) எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அப்பாவுடையது. அவரிடம் என்னவென்று சொல்வது? ஆபீஸுக்குப் போன மகள் பட்டுப்புடவையோடு பங்கில் நிற்கிறாள் என்றா? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து விளக்கு போட்டுவிட்டார்கள். வண்டிகள் வந்தன, போயின. ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் இருந்தவர் இறங்கினார், பெட்ரோல் போட்டதும் ஏறிக்கொண்டார். ஒரு கணவன் திரும்பி மனைவியின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் படாமல் ஒதுக்கிவிட்டதைப் பார்த்தேன். அவ்வளவு சின்ன காரியம். அதைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பழுத்த சீதாப்பழம் ஒன்று பைக்குள் நசுங்கி அம்மாவின் பட்டில் சொட்டியது. சாந்தம்மா அதை வாங்கிப் பிட்டு, பாதியை என்னிடம் கொடுத்தார். பெட்ரோல் வாசனையில் இருவரும் நின்று தின்றோம்.

மல்லேஸ்வரத்தில் நடந்ததைப் பிற்பாடு அவன் தங்கை ஸ்வாதி எனக்குச் சொன்னாள். அவர்கள் அம்மா குங்குமச் சிமிழோடு வாசலிலேயே நின்றிருந்தாராம். பிரசன்னா வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு, "அம்மா, இவதான் கலைவாணி" என்று பின்னால் கை காட்டியிருக்கிறான்.

அம்மா அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். "எவடா?"

அவன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தானாம். உடனே எனக்குப் போன் போட்டிருக்கிறான். சீட்டுக்கு அடியிலிருந்து மணி அடித்தது. அவன் அப்பா நிதானமாக எழுந்து வந்து, "டிக்கில போட்டா கூட்டிண்டு வந்தே?" என்று கேட்டாராம்.

இருட்டிய பிறகு அவன் பங்குக்குத் திரும்பி வந்தான். நான் ஓடினேன். பயந்துட்டியா, நின்னு நின்னு கால் வலிக்குதா என்று ஏதாவது கேட்பான் என்று நம்பினேன். கேட்டான்.

"இறங்கினா சொல்ல மாட்டியா?"

நான் சீதாப்பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"எல்லார் முன்னாடியும் எவ்ளோ அசிங்கமாப் போச்சு தெரியுமா? நான் பாட்டுக்குப் பேசிட்டு வரேன், நீயும் நடுவுல நடுவுல 'ம்'னு சொன்னியே!"

"நான் இங்க இருந்தேன் பிரசன்னா."

"இல்ல, சொன்ன. எனக்குக் கேட்டுது."

அதற்கு நான் சொன்ன பதிலை என் எதிரிக்குக்கூடத் தெரிவிக்க மாட்டேன், உங்களுக்குச் சொல்கிறேன். "சாரி" என்றேன். சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சாந்தம்மா எங்கள் இருவரையும் பார்த்தார், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஏறும் முன் கைப்பையைக் கேட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டது.

வழியெல்லாம் யோசித்தேன். நான் இல்லாத இடத்திலும் அவனுக்கு என் 'ம்' கேட்டிருக்கிறது. அப்படியானால் பின் சீட்டில் நான் எதற்கு? ஒரு வருடமாக இரண்டு பேர் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தொண்டை அடைப்பு கேஸ் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேக்ரி சர்க்கிளுக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. அவன் காதில் மாட்டியிருந்த கருவியில் அம்மா அழைத்தார். "வந்துட்டே இருக்கோம்மா. என் தப்பு இல்லம்மா, அவ சொல்லாம இறங்கிட்டா. கொஞ்சம் அப்படித்தான், மந்தம்..." என்றான்.

நான் அவன் தோளைத் தட்டினேன். "நான் இறங்குறேன்" என்றேன், தெளிவாக. அவன்தானே சொல்லச் சொன்னான்.

"ம்" என்றான்.

இறங்கினேன். பட்டுப்புடவையில் ஒருக்களித்து உட்கார்ந்தால் வழுக்கி இறங்குவது சுலபம். நடைபாதையில் ஏறி நின்று பார்த்தேன். சிக்னல் மாறட்டும், திரும்பிப் பார்க்கட்டும், ஒரே ஒரு தடவை பார்த்தால்கூடப் போய் ஏறிக்கொள்கிறேன் என்று மனசு கெஞ்சியது. (அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.) பச்சை விழுந்தது. தலையை ஆட்டிப் பேசிக்கொண்டே அவன் போய்விட்டான்.

சிவாஜிநகர் பஸ் வந்தது. கண்டக்டர் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கார்டில் இருந்த போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு என் முகத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆண் அவர்தான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். இத்தனை லட்சம் பேர் இருக்கும் ஊரில் என்னைக் காணவில்லை என்று தெரிந்தவர் யாருமே இல்லை. அவ்வளவு தனிமையை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை.

போன் அடித்தது. பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. ("இந்தத் தடவையும் காத்தத்தான் கூட்டிண்டு வந்தியா?" என்று அவன் அம்மா கேட்டுவிட்டாராம்.)

"எங்க இருக்க?"

"பஸ்ல."

"எப்ப இறங்கின?"

"சொல்லிட்டுத்தான் இறங்கினேன்."

"எனக்குக் கேக்கல."

"தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வருடத்தில் நான் பேச, அவன் கேட்ட முதல் உரையாடல் அது. கடைசியும் அதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா புடவைக் கறையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "என்னாடி, மூஞ்சி இப்டி வீங்கி இருக்குது?" என்றார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அல்சூர் சைடு, ரிட்டையர்டு உள்பட. டிவியை நிறுத்திவிட்டு அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"ரெண்டாவது வாட்டி சொல்லிட்டுத்தானே இறங்கினே?"

"ஆமாப்பா."

"அப்போ சரி. சாப்புடு வா" என்று அவரே தட்டு எடுத்து வைத்தார். நான் இரண்டாவது தோசையில் இருக்கும்போதுதான் அவர் தோள் குலுங்குவதைக் கவனித்தேன். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. அம்மாவும் சேர்ந்துகொண்டார். கடைசியில் நானும் சிரித்தேன்.

ஆண் பெண்ணை எப்படி நடத்த வேண்டும் என்று இப்போதெல்லாம் நிறைய பேர் நிறைய சொல்கிறார்கள். ரோஜாப்பூ, ஊட்டி, பிறந்தநாள் கேக் எல்லாம் நல்லதுதான், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பின்னால் ஆள் இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அவளுக்கும் ஒரு கதை இருக்கும். அதைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து யார் வண்டியில் கிளம்பினாலும் அப்பா தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, "ஆள் ஏறிச்சா பாத்துக்கோ!" என்று இன்றும் கத்துவார். மொத்தத் தெருவுக்கும் காரணம் தெரியும். என் கல்யாணத்தன்று மண்டப வாசலில் கார் கிளம்பும்போதும் கத்தினார். மாப்பிள்ளை செந்தில் உண்மையாகவே குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஏறியாச்சு மாமா" என்றார்.

செந்தில் ஆம்பூர்க்காரர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "நின்னப்ப குளிரலையா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எங்கள் ஸ்கூட்டருக்கும் சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும். பங்கில் இறங்கும்போதெல்லாம் என் கை தானாகக் கைப்பையைத் தேடும். நல்ல மனிதர்தான், விட்டுவிட்டுப் போக மாட்டார், எனக்கே தெரியும். ஆனாலும் தேடும். முதல் சில மாதங்கள் அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். இப்போது சீட்டைத் தூக்கியதும் அவரே முதலில் கைப்பையை எடுத்து என் தோளில் மாட்டிவிடுகிறார். "வச்சுக்கோ, என்னை நம்பாத" என்று கண்ணடிப்பார்.

பெட்ரோல் போட்டு முடித்ததும் நான் ஏறி உட்காருவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி, "ஏறிட்டியா?" என்பார்.

சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பேன். வரிசை மொத்தமும் கன்னடத்தில் திட்டும். அவர் நகர மாட்டார்.